மாசம் நாலு மாத்திரை

— சீல் உடைக்காத பாட்டில், அண்ணே. முப்பது மாத்திரை. போன மாசம் நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனீங்க.

— சத்தியமா சொல்றேன் சிஸ்டர், காலைல வேன் எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. இருபத்தாறு நாள்ல காலி, அதான் நாலு நாள் முன்னாடியே வந்துட்டேன். சத்தியமா கம்பெனிக்காரன்தான் குறைச்சுப் போடறான்.

— மாசாமாசமா? கரெக்டா நாலா? எனக்குத் தலை சுத்துது. மத்தவங்க போட மறந்துட்டு மிச்சம் கொண்டு வருவாங்க, திட்டுவேன். உங்களை எப்படித் திட்டறதுன்னே தெரியல. யாருக்காவது குடுக்கறீங்களா?

— இதென்ன மிட்டாயா, பங்கு போட்டுக் குடுக்க?

— எச்.ஐ.வி. மாத்திரை கணக்கு இடிச்சா டாக்டர் விடமாட்டார், அண்ணே. உங்களைப் பழையபடி பெரியாஸ்பத்திரிக்கே அனுப்பிடறேங்கறார்.

— மெதுவாப் பேசுங்க, கதவு மெலிசு! வெளிய என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா. பெரியாஸ்பத்திரி வேண்டாம் சிஸ்டர். அங்க அந்த வரிசையில நின்னாலே ஊருக்கே விஷயம் தெரிஞ்சுடும். இங்கன்னா இருமல்காரன், சர்க்கரைக்காரி, தடுப்பூசிக் குழந்தை, நான், எல்லாருக்கும் ஒரே பெஞ்சு. அவளும் எனக்குப் பிரஷர்னுதான் நம்பிட்டிருக்கா.

— அப்ப இந்த மாத்திரைய என்னன்னு சொல்லி வச்சிருக்கீங்க?

— சத்து மாத்திரைன்னு. பழைய சத்து மாத்திரை பாட்டில்லதான் கொட்டி வச்சிருக்கேன்... ஐயையோ.

— என்ன?

— சத்துன்னு நம்பி அவளும் எடுத்துப் போட்டுக்கறாளோ?

— போச்சு! அவங்க சர்க்கரை மாத்திரை வேற சாப்பிடறாங்களே. ரெண்டையும் சேர்த்தா டாக்டர் பார்த்துத்தான் அளவு சொல்லணும். கூப்பிட்டுக் கேளுங்க, இப்பவே.

— என்னன்னு கேட்பேன்? பதினோரு வருஷமா மறைச்சிருக்கேன். தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவா, சிஸ்டர். எனக்கு வேற யாரும் கிடையாது.

— நோயைப் பத்தி நான் வாயே தொறக்கமாட்டேன், அது உங்க பாடு. மாத்திரை எடுத்தாங்களான்னு மட்டும் கேளுங்க. அக்கா! கொஞ்சம் உள்ள வாங்க.

— என்னங்க, பிரஷர் ஏறிடுச்சா?

— அதெல்லாம் இல்ல. அந்த சத்து மாத்திரை... நீ ஏதாவது எடுத்தியா?

— ஆமா. மாசம் நாலு.

— முழுங்கிட்டியா?

— நான் எதுக்குங்க முழுங்கப் போறேன்? தையல் மிஷின் டிராயர்ல எடுத்து வச்சிருக்கேன்.

— எடுத்து வச்சிருக்கீங்களா? எனக்கு ஒண்ணுமே புரியல அக்கா. எதுக்கு?

— பெரியாஸ்பத்திரில ஸ்டாக் இல்லைன்னு இவரை ஒன்பது நாள் வெறுங்கையோட அனுப்பினாங்க, சிஸ்டர். மறுபடி அப்படி ஆச்சுன்னா? அதான். கெட்டுப்போகக் கூடாதுன்னு, புதுசு வந்ததும் பழசைப் பாட்டில்ல போட்டுட்டு, அதைவிட நாலு கூடுதலா புதுசு எடுத்து வச்சிடுவேன்.

— எங்க ஸ்டோர்லகூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

— இரு, இரு. சத்து மாத்திரை தீர்ந்தா கடையில வாங்கிக்கலாம். அதுக்குப் போய் யாராவது...

— சத்து மாத்திரை தீர்ந்ததுக்காங்க ஒன்பது நாள் சாப்பாடு இறங்காம சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க?

— உனக்கு... எப்பத்திலேர்ந்து?

— அப்பத்திலேர்ந்துதான். உங்க காக்கிச் சட்டையை ஊறப்போட்டேன், பையில மாத்திரை பாட்டில்லேர்ந்து கிழிச்ச லேபிள் இருந்துச்சு. மருந்துக்கடைல காட்டிக் கேட்டேன். ஏழு வருஷம் ஆச்சு.

— அக்கா, அப்ப நீங்க டெஸ்ட்...

— வருஷா வருஷம் எடுத்துக்கறேன் சிஸ்டர், வேற ஆஸ்பத்திரில. எனக்கு ஒண்ணும் இல்ல. இவரு மாத்திரை விடாம போடறவரைக்கும் வராதுன்னு அங்க சொன்னாங்க.

— ஏழு வருஷம்! சத்தியமா எனக்கு எதுவும் ஓடல. பக்கத்துலயே இருந்துட்டு ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டா, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு நீங்க வீட்டை விட்டுப் போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க.