உப்புக் கிணற்றில் எண்ணெய்

— இந்தக் கெணத்துத் தண்ணிய நல்லா மோந்து பாரு லிங்கராஜ் மாப்ள. நாகப்பட்டினம் பக்கம் எண்ணெய்க் கெணத்துல வேல பாக்கவன் நீ. டீசல் வாடதான?

— டீசல் வாடதான் அத்தான்.

— ஒங்கக்கா மாரித்தாயிட்ட நேத்தே சொன்னேன். மண்ணு இம்புட்டு கருப்பா கெடக்கது சும்மாவா? நெய்வேலியில கரி எடுக்கான், ஒங்க பக்கம் எண்ணெய் எடுக்கான். நமக்கும் ஒரு காலம் வரும்லா.

— அத்தான், அது வந்து...

— பொறு. கடம்பூர் போளி வாங்கி வச்சிருக்கேன், வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வாரேன். ஒங்கக்காட்ட பேசிக்கிட்டு இரு.

— என்னக்கா இது? போன வாரம் போன்ல எங்கூட பேசவே மாட்டேன்னாவ. இன்னைக்குப் போளி வாங்குதாவ.

— உளுந்து பூராம் மழையில அழுகுனதுலேருந்து சோறு எறங்கல தம்பி. நேத்துலேருந்துதான் சிரிக்காவ. நீ ஒண்ணுஞ் சொல்லிராத.

— சொல்லாம எப்படிக்கா? பூமிக்குள்ளேருந்து டீசலா வராது. கச்சா எண்ணெய்தான் வரும். அதக் காய்ச்சிப் பிரிச்சாத்தான் டீசலு, பெட்ரோலு எல்லாம்.

— அந்தக் கச்சா எண்ணெய் இங்கன இருக்காதா?

— இருக்காதுக்கா. கடல்ல செத்த பொடிப்பொடி உசுருக சேத்துல பொதைஞ்சு, மேல மேல மண்ணு ஏறி, கோடிக்கணக்கான வருசம் சூட்டுலயும் அமுக்கத்துலயும் கெடந்துதான் எண்ணெயாவும், கேஸாவும் ஆவுது. நெலக்கரி வேற. அது சதுப்புல பொதைஞ்ச காடு. நெய்வேலிக் கரி இன்னும் முத்தாதது, அதான் பழுப்பா இருக்கு. தூத்துக்குடிக்குக் கப்பல்ல வாரது நல்லா முத்துனது. நம்ம ஊருக்கு அடியில பூராம் பாறை. மண்ணு கருப்பா இருக்கதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

— அப்போ இது?

— யாரோ வேணும்னே டீசல ஊத்தியிருக்கான். ஊரே அத்தானப் பாத்துச் சிரிக்கும். அவிய வரவும் சொல்லிருதேன்.

— வேண்டாம்லே. யாரும் குடிக்காத உப்புத் தண்ணி, கெட்டாக் கெட்டுட்டுப் போவுது.

— தானா தெரிஞ்சா இன்னும் ஒடைஞ்சு போவாவக்கா.

— மெல்ல நானே சொல்லிக்கிடுதேன். நீ லீவு போட்டு கொஞ்ச நாள் அவிய கூட இரு, அதுக்குத்தான் ஒன்னிய வரச் சொன்னேன். தெனமும் அந்தி சாயவும் இந்தக் கெணத்து மேட்டுல வந்து, உள்ளயே பாத்துக்கிட்டு நின்னாவ. கூப்புட்டாத் திரும்பல. நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

— அக்கா...

— டீசல ஊத்துனது நான்தாம்லே. எட்டிப் பாக்கதுக்கு அவியளுக்கு வேற ஒரு காரணம் வேணும்லா.