போகிப் புகையும் மூச்சின் சிறுகுழல்களும்

தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அரிகிருஷ்ணன் அவர்களே, ஊரப்பாக்கத்தின் பெருமைக்குரிய பெரியோர்களே, பொங்கல் பானை வாங்கும் அவசரத்திலும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சென்ற ஆண்டு என் கையிலிருந்து மைக்கைப் பறித்த அன்பர்களே, வணக்கம்.

நான் மருத்துவன் அல்லன். பட்டம் கிடையாது. நூலகத்தில் படித்தேன், புரியாததை மறுபடியும் படித்தேன்.

நுரையீரலுக்குள் காற்றுப்பாதை தலைகீழ் மரமாய்க் கிளைக்கிறது. பெருங்கிளைகளுக்குக் குருத்தெலும்பு காவல். அரிசிமணியினும் மெல்லிய கடைக்கோடிச் சிறுகுழல்களுக்குக் காவல் எது? எலும்பில்லை. சுற்றியிருக்கும் காற்றுப்பைகள் நாற்புறமும் இழுத்துப் பிடிப்பதால் அவை திறந்து நிற்கின்றன. மூச்சை இழுக்கையில் விரியும், விடுகையில் சுருங்கும். புகை பட்டாலோ உட்சுவர் வீங்கும், சளி சேரும், தசை இறுகும். உள்ளே போன காற்று வெளியேற வழியின்றித் தவிக்கும்.

"சார், கிளாஸ் எடுக்காதீங்க!" என்கிறார் பின்வரிசையில் தீனா. எடுக்கத்தான் வந்திருக்கிறேன் தம்பி, உட்காருங்கள்.

ஒரு சந்து அடைத்தால் அடுத்த சந்தில் வண்டியைத் திருப்புகிறோம் அல்லவா? சிறுகுழல்கள் பல்லாயிரம். சில அடைபட்டால் மற்றவை சுமக்கும், நமக்குத் தெரியாது. தெரியவரும்போது மாலைநேரத்துக் குரோம்பேட்டைச் சாலைதான். முன்னேயும் நகராது, பின்னேயும் நகராது.

சென்ற போகியன்று தெருமுனையில் பழம்பாயோடு டயரையும் கொளுத்தினீர்கள். என் எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சருக்குச் சிறுகுழல்கள் ஏற்கெனவே பழுது. சன்னலைச் சாத்தியும் புகை புகுந்தது, வீசிங் வந்தது. பக்கத்துவீட்டுக் கங்கையம்மாள் ஓடினார். கையில் என்ன? தூபக்கால்!

"டீச்சர், டயர் நாத்தம் வூடு பூரா கீது. ஒரு கை சாம்பிராணி போட்டா ஓடிப்பூடும்."

"வேணாம்மா... மூச்சு..."

"அதுக்குத்தான் டீச்சர், நல்லா இழுத்து வுடுங்க!"

சிரிக்கிறீர்கள். கங்கையம்மாளும் சிரிக்கிறார். ஆம்புலன்ஸில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு போனவரும் அவர்தான். அன்று அவர் சிரிக்கவில்லை. புகையை விரட்டப் புகை போடும் அன்பு வேறெந்த ஊரில் கிடைக்கும்?

இன்னொரு முறை இப்படிப் புகை பட்டால் பிழைப்பது கடினம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைவரிடம் போனேன். "ஒரு நாள்தானே சார், டீச்சர் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமே" என்றார். புகைக்கு இத்தெருவில் இடமுண்டு, டீச்சருக்கு இல்லையா? பழையதைக் கழிப்பது போகி என்கிறீர்கள். டீச்சரின் மூச்சா பழையது? அவர் மூச்சா குப்பை? அவர் மூச்சா கொளுத்தத் தக்கது?

தெருவில் கொளுத்தக் கூடாதென்று தீர்மானம் போட மாட்டீர்கள். எனக்குத் தெரியும். ஆகவே நாளை போகி விடியுமுன் அந்தத் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்காருவேன். பாயை என் காலடியில் அடுக்குங்கள். டயரை என் மடியில் வையுங்கள். தீக்குச்சியைத் தலைவர் கிழிக்கட்டும்!

என்ன கங்கையம்மா? "எனக்கும் ஒரு சேர் போடு சார்" என்கிறீர்களா? போடுகிறேன்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கும், பொறுக்காமல் முணுமுணுத்த வாய்களுக்கும் நன்றி. மூச்சுள்ள அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து. வணக்கம்.