குழியை மூடினோம், வாயையும் மூடினோம்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, அந்தத் தலைமை நாற்காலியின் விளிம்பில் மட்டும் அமர்ந்திருக்கும் எங்கள் தையற்கார அக்கா அவர்களே! நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள் அக்கா, நாற்காலி கடிக்காது. முன்வரிசையை முந்தி வந்து பிடித்திருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையையும் மனதில் அடுப்பையும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மாரே! தேநீர் வரும் என்ற நம்பிக்கையில் தேங்கி நிற்கும் இளைஞர்களே! கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் எங்கள் கேள்விக்காரத் தங்கையே! ஓடும் பேருந்தின் படிக்கட்டில் நின்றே உலகம் பார்த்த இந்தக் கண்டக்டரின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியது.

பேச்சைச் சுருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்குகிறேன். யாரது, "நீங்களா?" என்று கேட்டது? செங்கல் சூளைக்காரரா? ஐயா, உங்கள் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். படியில் தொங்கிக்கொண்டு "உள்ளே இடமே இல்லை" என்று சொன்ன குரலல்லவா அது!

நாம் ஏன் கூடியிருக்கிறோம்? நாளைக் காலை நகரத்துச் சாலைத்துறை அலுவலகத்துக்குப் போகிறோம். பிரதான சாலையிலிருந்து நம் குடியிருப்புக்கு வரும் சாலையை மழைக்கு முன்னால் போடுவதா, மழைக்குப் பின்னால் போடுவதா என்று அங்கே தலைமைப் பொறியாளர் முடிவு செய்யப்போகிறார். முன்னால், பின்னால். அவர்களுக்கு அது ஒரு சொல். நமக்கு அது ஓர் உயிர். தையற்கார அக்காவின் மருமகளுக்கு மறுபடியும் நிறைமாதம் நெருங்குகிறது.

போன மழைக்காலத்தை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இதே மருமகளுக்கு முதல் பிள்ளைக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் பிரதான சாலைவரை வந்தது. குழிகளைப் பார்த்து ஓட்டுநர் கையை விரித்தார். தையல் இயந்திரத்துக்கு முன்னால் போடுகிற நாற்காலியில் அவளை உட்காரவைத்து, நாம்தான் சேற்றில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? குமுறினோம்! குறைபட்டோம்! கொதித்தோம்! எங்கே? தேநீர்க் கடையில். உண்மையில் அங்கே கொதித்தது தேநீர் மட்டும்தான்.

அப்போதுதான் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் இந்தக் கேள்விக்காரத் தங்கை வந்து இறங்கினாள். மக்களை ஒன்றுசேர்க்கிற வேலை என்றாள். பெரிய திட்டம் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று பையை எட்டிப் பார்த்தோம். ஒரு தண்ணீர் பாட்டிலும் மழைக்கோட்டும் இருந்தன. வாயைத் திறந்தால் கேள்வி.

"இந்த ரோட்டப் பத்தி யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம்மா."

"எல்லாருன்னா யாரு?"

தேநீர்க் கடை அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "நான் கண்டக்டர்கிட்ட சொன்னேன். கண்டக்டர் என்கிட்ட சொன்னாரு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்று நீங்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்!

"நீ படிச்ச பொண்ணு, நீயே போய்ப் பேசிடும்மா" என்று அவள் தலையில் கட்டப் பார்த்தோம். "நான் பேசுனா என் குரல்தானே கேக்கும்? அந்தக் குழியில நான் விழுந்ததே இல்லையே" என்றாள். மறுநாளே விழுந்தாள், அது வேறு கதை. ஆனாலும் பேச மறுத்துவிட்டாள். நம்மையே துறை அலுவலகத்துக்கு அழைத்துப்போய் வாசலில் விட்டுவிட்டு, அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நாம் உள்ளே போய், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து, ஒருவழியாக விஷயத்தைச் சொன்னோம். இளம் பொறியாளர் நல்ல மனிதர். "நானே வந்து பாக்குறேன்" என்றார்.

வந்து பார்க்கிறேன் என்றார்! அதைக் கேட்டதும் நாம் செய்த திருப்பணி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க மாட்டேன்.

விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவோம். நாம் சாலையையே பெருக்கினோம்! அவர் வருவதற்கு முந்தைய நாள் கேள்விக்காரத் தங்கை வேறொரு குடியிருப்புக்குப் போயிருந்தாள். மேய்ப்பவர் இல்லாத மந்தை எந்தப் பக்கம் போகும்? மண்வெட்டி வந்தது, கூடை வந்தது. சூளைக்காரர் உடைந்த செங்கல்லைக் கொட்டினார். குழிகளை மூடினோம். மேட்டைத் தட்டினோம். புழுதி பறந்து பொறியாளர் ஐயாவுக்குத் தும்மல் வந்துவிடக் கூடாது என்று தலைவர் அக்கா தம் கையாலேயே தண்ணீர் தெளித்தார். உண்மைதானே அக்கா? தலையாட்டுகிறார், உண்மைதான்.

பொறியாளர் வந்தார். கார் மிதந்து வந்தது. இறங்கினார், முன்னும் பின்னும் பார்த்தார். "குண்டும் குழியும்னு சொன்னீங்க. எங்க வீட்டுத் தெருவே இதவிட மோசமா இருக்கே?" என்றார்.

அப்போதாவது நாம் பேசினோமா? பேசினோம்! நம் தேநீர்க் கடை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, "எல்லாம் உங்க புண்ணியம் ஐயா!" என்றார். அண்ணே, தலையைக் குனியாதீர்கள். பக்கத்தில் நின்று கைதட்டியது நான்தான்.

கார் போனது. சாயங்காலம் ஒரு மழை வந்தது. நாம் போட்ட மண்ணெல்லாம் வாய்க்காலுக்குப் போய்விட்டது. செங்கல் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. முன்பு வெறும் குழி, இப்போது பல் முளைத்த குழி!

மறுநாள் தங்கை வந்தாள். நடந்ததைச் சொன்னோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் கார் குலுங்கக் கூடாதுன்னு இவ்வளவு பாடுபட்டீங்களே, வலி வந்த பொண்ணு மட்டும் குலுங்கலாமா?"

எனக்கு அங்கேயே நிற்க வெட்கமாக இருந்தது.

நான் கேட்கிறேன், பெரியோரே! அதிகாரி முகம் வாடக் கூடாது என்று பார்த்தோமே, நம் வீட்டுப் பெண்ணின் முகத்தை யார் பார்ப்பது? நல்ல பேர் வேண்டும் என்று நினைத்தோமே, நல்ல சாலை யாருக்கு வேண்டும்? கேட்பது பிச்சையா? இல்லை! குறையைச் சொல்வது மரியாதைக் குறைவா? இல்லை! மௌனம் சம்மதம் என்பார்கள். நாம் மௌனமாகவும் இருந்தோம், சம்மதம் என்று வாயாலும் சொல்லி அனுப்பினோம்! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாமோ அழ வேண்டிய இடத்தில் கைதட்டிய பிள்ளைகள்.

அதன் பிறகு தொடங்கியது ஒத்திகை. தங்கை ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறியாளராக உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் போய்ப் பேச வேண்டும். தேநீர்க் கடை அண்ணன் போனார். "ஐயா, சாப்டீங்களா?" "சாப்டேன். என்ன விஷயம்?" "ஒண்ணுமில்லீங்க, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..." திரும்பி வந்துவிட்டார்! அடுத்து நான். சக்கரம் தோன்றிய காலத்திலிருந்து தொடங்கினேன். நம் சாலைக்கு வருவதற்குள் பொறியாளர் கண்ணாடிக்குள்ளேயே தூங்கிவிட்டாள்.

ஆனால் நாள் போகப் போக நாக்கு நிமிர்ந்தது, முதுகும் நிமிர்ந்தது. மறுபடியும் துறைக்குப் போனோம். இந்த முறை அண்ணன் உண்மையைப் போட்டு உடைத்தார். "ஐயா, நீங்க வர்றீங்கன்னு நாங்கதான் குழிய மூடிட்டோம். அது உங்க புண்ணியம் இல்லீங்க, எங்க முட்டாள்தனம்." அந்த மனிதர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுத்தான் நாளைய சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். "பெரிய ஐயா முன்னாடி உங்கள்ல ஒருத்தர் நேர்ல பேசணும். நான் பேசுனா எடுபடாது" என்றார். பாருங்கள், அவரும் கேள்விக்காரக் கட்சியில் சேர்ந்துவிட்டார்!

ஆக, நாளை யார் பேசுவது? ஏன் எல்லோரும் தூணையே பார்க்கிறீர்கள்? தூண் பேசாது! அதற்குப் பின்னால் இருப்பவளும் பேசமாட்டாள். நாளையும் அவளுக்கு வெளியே உள்ள பெஞ்சுதான்.

"கண்டக்டரே பேசட்டும்" என்பது யார்? நானா? நான் பேசத் தொடங்கினால் முடிப்பதற்குள் தலைமைப் பொறியாளர் பணி ஓய்வு பெற்றுவிடுவார். அக்கா, நீங்கள்? என்ன சொல்கிறார்... "அழுதுடுவேனோன்னு பயமா இருக்கு" என்கிறார். தாயின் பயம் நியாயம்தான்.

வேறு யார்? இத்தனை வாய்கள் இருக்கும் அவையில் ஒரு வாய்க்கா பஞ்சம்?

அங்கே, பெண்கள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்திருக்கிறது. யாரம்மா அது? கொஞ்சம் வழிவிடுங்கள், மெதுவாக எழட்டும். அட, அக்காவின் மருமகள்! தலைவர் அக்கா பதறிப்போய், "நீ உக்காரும்மா, இந்த உடம்போட அலையக் கூடாது" என்கிறார். தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். கை தூக்கியவர் பேசிய பிறகுதான் தலைமை பேசலாம். சொல்லம்மா. ஒலிபெருக்கி வேண்டாமா? சரி, உன் குரலிலேயே சொல். எல்லோரும் அமைதியாக இருங்கள்.

"நானே பேசுறேன் அத்தை. அந்தப் பாதையில எல்லாரும் என்னத் தூக்கிட்டு ஓடுனீங்க. வலிச்சது எனக்குத்தானே? என் பிள்ளையப் பத்தி நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

கேட்டீர்களா? பெரியோரே, தாய்மாரே, கேட்டீர்களா! இவ்வளவு நேரம் நான் தொண்டை வற்றப் பேசியதை அந்தப் பெண் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். இதற்கு மேலும் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம்.

தங்கையே, தூணுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்தது போதும். இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் நன்றி. காலையில் முதல் பேருந்து. அந்தப் பெண்ணுக்கு முன் இருக்கையை விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறுங்கள். எல்லோருக்கும் வணக்கம்!