ஆந்தைக்கு இரண்டாவது சாட்சி

அன்புள்ள கிரிஜா,

வரதராஜா அண்ணையின் ஓராண்டு நினைவு மலர் நேற்றுத் தபாலில் வந்து சேர்ந்தது. அட்டை நன்றாக இருக்கிறது. தாளும் நல்ல தாள். பதினான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை. நம் பறவை நோக்குவோர் கழகத்தின் செயலாளர் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

"அவர் கடைசியாகக் கண்ட பறவை: பெல் மீன் ஆந்தை. ஒகவாங்கோ, பொட்ஸ்வானா. மாலை 6.10. இரண்டாவது சாட்சி: பிரஷாந்தன்" என்று போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் அவருடைய பொக்கெட் நோட்டின் படம். 'பெல் ஆந்தை. 6.10. பிரஷாந்தனையும் கூப்பிட்டனான்.' கையெழுத்து அவருடையதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் நான் சாட்சி இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைப் போட்டது தவறு.

"அண்ணா, இவ்ளோ சின்ன விஷயத்துக்கா லெட்டர்?" என்று கேட்பீர்கள். சின்ன விஷயம் இல்லை. அந்த ஆந்தையைச் சேர்த்தால் அவர் வாழ்நாளில் கண்ட பறவைகள் ஆயிரத்து இருநூற்று நான்கு. என்னுடையது ஆயிரத்து இருநூற்று மூன்று. கழகத்தின் பரிசுக் கிண்ணத்துக்கும் இனி அவர் பெயர் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்களாம். மல்கிரேவில் என் வீட்டுக் கராஜில் ஐந்து கதிரைகளோடு நான் தொடங்கிய கழகம் இது. ஏழாம் விதியை எழுதியவனும் நான்தான். அரிய பறவை என்றால் இரண்டாவது உறுப்பினர் ஒருவர் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பட்டியலில் ஏறாது.

இருபத்தாறு வருடமாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கண்ணாடிக்கு அடியில் இருப்பதை எழுதுவேன். இல்லாததை எழுத மாட்டேன். என் குணம் அது.

அவர் குணம் வேறு. வெரிபி கழிவுநீர்க் குளங்களுக்குப் போன அந்த ஜூன் மாதக் காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பறவையைக் கண்டவர் சத்தம் போடக்கூடாது. உள்ளங்கை வெளியே தெரிய வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் நான் பழக்கிய பழக்கம்தான். அவர் கையைத் தூக்கினார். பதினொரு பேர் சேற்றில் குனிந்து குனிந்து போனோம். நாணலில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது.

"புது இனம், தம்பி. சுப்பர்மார்க்கெட் கொக்கு. லத்தீன் பேரை நீர்தான் சொல்லவேணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். குறை சொல்லவில்லை, யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு அந்த ஆபிரிக்கப் பயணம். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வழிகாட்டி ககீசோ பட்டியலை வாசிப்பார். கண்டவர்கள் கண்டோம் என்று சொல்ல வேண்டும். யாரும் ஆதாரம் கேட்பதில்லை. வாய்ச் சொல்தான். வரதராஜா அண்ணை எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "ஓம், கண்டனான்."

மூன்றாம் நாள் செந்நிறப் பஞ்சுருட்டானுக்கும் அதையே சொன்னார். அது பறந்தபோது அவர் வண்டியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் அப்ப நல்ல நித்திரை" என்றேன்.

"ஒரு கண்ணாலதான் நித்திரை, தம்பி. நீர் என்ன, பறவையளுக்குப் பொலிஸோ?"

மேசை முழுக்கச் சிரிப்பு. மிருணாளினி அக்கா புருஷனை முறைத்துவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, "இவற்ர கதையைப் பெருசா எடுக்காதையும்" என்றார். நான் பெரிதாக எடுக்கவில்லை. அது எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்குத்தான் எடுத்தேன்.

ஒன்பதாம் நாள் இரவு அவர் கணக்கும் ஆயிரத்து இருநூற்று மூன்றுக்கு வந்து நின்றது. பெல் மீன் ஆந்தை மட்டும் யாருக்கும் அகப்படவில்லை. இஞ்சி நிறத்தில், குழந்தை உயரத்துக்கு இருக்கும் அந்தப் பறவையை நான் பதினெட்டு வருடமாகத் தேடுகிறேன். அதற்காகத்தான் அந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தேன்.

பத்தாம் நாள் மாலை, ஆற்றங்கரை வெளியில் இரண்டு வண்டிகளையும் நிறுத்திச் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். காலையில் அதே இடத்தில்தான் ககீசோ எங்களுக்கு ஈர மண்ணில் சிங்கத்தின் காலடிகளைக் காட்டியிருந்தார். ஒரு தாய், வளர்ந்த குட்டிகள் மூன்று. என் நோட்டில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

முன் வண்டியில் நீங்களும் அக்காவும் மற்றவர்களும் ஏறிப் புறப்பட்டுவிட்டீர்கள். அண்ணை என் காதருகே வந்தார்.

"தம்பி, ஒருக்காப் புத்துக்குப் பின்னால ஒண்டுக்குப் போட்டு வாறன். வண்டியை நிப்பாட்டி வையும். உவங்களுக்குச் சொல்லாதையும், வெக்கக்கேடு."

ஆள் உயரத்துக்கு மேலே நின்ற கறையான் புற்றுக்குப் பின்னால் போனார். எங்கள் வண்டியை ஓட்டிய ககீசோ தண்ணீர்ப் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து, "மிஸ்டர் ராஜா எங்கே?" என்று கேட்டார். அண்ணை வண்டி மாறி மாறி ஏறுகிறவர் என்பது ககீசோவுக்குத் தெரியும்.

"முன் வண்டியில் போய்விட்டார்" என்றேன்.

அவ்வளவுதான். ஒன்பது நாளாக அவர் வாய்ச் சொல்லை அந்த மேசை நம்பியது. என்னுடையதை ஒரு தடவை நம்பினார்கள். இதில் எது அநியாயம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முகாமில் இறங்கியதும் அக்கா ஓடிவந்து, "இவர் உங்களோடயெல்லோ வந்தவர்?" என்று கேட்டார். "இல்லையே அக்கா, உங்கட வண்டியில எண்டெல்லோ நினைச்சன்" என்றேன். விளக்குகளோடு திரும்பிப் போனவர்கள் ஓர் அத்தி மரத்தடியில் தொப்பியையும் பைனாகுலரையும் நோட்டையும் கண்டெடுத்தார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டு வண்டிக்கு இடையில் நடந்த குழப்பம் என்று விசாரணையில் முடித்தார்கள். குழப்பம் எதுவும் இல்லை. நான்தான் விட்டுவிட்டு வந்தேன். ககீசோவின் லைசன்ஸ் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். தலையை எண்ணாமல் அடுத்தவன் வாயை நம்புகிறவர் வழிகாட்டி வேலைக்குச் சரிவர மாட்டார். அதிலும் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது பதினான்காம் பக்கத்துக்கு வருகிறேன். எல்லாரும் அங்கே நின்றபோது கண்ட பறவை என்று நினைத்து நீங்கள் சாட்சி போட்டிருக்கிறீர்கள். என் நோட்டைப் பாருங்கள். எங்கள் வண்டி புறப்பட்டது 6.05. ஆறு பத்துக்கு அங்கே அவரைத் தவிர ஒருவரும் இல்லை. ஏழாம் விதிப்படி ஆந்தை செல்லாது.

கூப்பிட்டது உண்மையா என்று கேட்பீர்கள். உண்மைதான். நான் எதையும் மறைக்கவில்லை. வண்டி புற்றைச் சுற்றி வளைந்தபோது பின் இருக்கையில் நான் தனியே இருந்தேன். பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். அத்தி மரத்துக்குக் கீழே நின்றார். வலது கை தலைக்கு மேலே. உள்ளங்கை வெளியே. வண்டி தன்னை ஏற்றத்தான் வளைகிறது என்று நினைத்திருப்பார். ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். காற்றே இல்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் ககீசோவுக்குக் கேட்டிருக்கும். அவர் கொடுக்கவில்லை. வெரிபியில் தூக்கிய அதே கை. வெளி முடியும்வரை, இரண்டு நிமிடம், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல கண்ணாடி அது. சட்டையில் அறுந்த பொத்தான்கூடத் தெரிந்தது. ஒரு சாண் உயர்த்தியிருந்தால் கிளைகளும் தெரிந்திருக்கும்.

இந்தக் கடிதத்தைப் பொலிஸில் கொடுங்கள். அக்காவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நான் மல்கிரேவ் வீட்டில்தான் இருப்பேன், எங்கும் போக மாட்டேன். மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன். ஆனால் முதலில் அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுங்கள்.

அவருடைய கையைப் பார்த்தேன். அதற்கு வேண்டுமானால் எங்கே வந்தும் சாட்சி சொல்கிறேன். மரத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் எழுதுவதில்லை.

இப்படிக்கு,
பிரஷாந்தன்