டயர் மாற்ற வந்த போலீஸ்

ருவைஸிலிருந்து அபுதாபி செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு மளிகைக்கடையின் கூட்டாளிகள் இருவர் இருந்தார்கள்: கீழக்கரை சாகுல் பாய், தஞ்சாவூர் செல்வம். மூன்றாவது கூட்டாளி காஜா கடையில் இருந்தார். அவர்களுடைய பிக்கப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

“போலீஸ்காரன் டயர் மாத்துவான்னு எந்த ஊர்ல கேள்விப்பட்டிருக்கோம் பாய்?” என்றார் செல்வம்.

“ஹைவே ரோந்துல பஞ்சருக்கு ஒரு வண்டியாம், ரோட்டுல ஏறுற ஒட்டகத்தை வெரட்ட ஒரு வண்டியாம், அடிபட்டவனைத் தூக்க ஹெலிகாப்டராம். நேத்து நம்ம டயர் பஞ்சராகி நின்னப்ப வந்தது அந்தப் பஞ்சர் வண்டி.”

எனக்கும் இதெல்லாம் தெரியாது. தெரிந்தவன்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

“நாம வழுக்கை டயருக்கு பைன் போட வர்றான்னு நெனச்சோம்.”

“நீ ஓடிப்போய் டயரை மறைச்சு ஒக்காந்தே.”

“நீங்க மட்டும்? என்ன பிரச்சினைன்னு அவன் சிரிச்சுக்கிட்டே கேக்குறான். ‘மாஃபி முஷ்கிலா, பிரச்சினை ஒண்ணுமில்ல, சும்மா காத்து வாங்குறோம்’னீங்க. அந்த வெயில்ல!”

“யூனிபார்மைப் பாத்தா வாய் தானா அதைத்தானே சொல்லுது.”

“பிரச்சினை இல்லாம ரோட்டோரம் நிறுத்துனா அதுக்கே ஆயிரம் பைனாம். போட்டுட்டுப் போயிட்டான். அவன் வண்டியில ஜாக்கி இருந்துச்சு பாய், நான் பாத்தேன்.”

“காஜாகிட்ட என்னத்தச் சொல்றது?”

அதற்குள் காஜாவே அழைத்துவிட்டார். சாகுல் பாய் போனைச் செல்வத்திடம் நீட்டினார். செல்வம் அதைத் திருப்பித் தள்ளினார். ஸ்பீக்கரில் காஜா கேட்டது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

“டயர் எவ்வளவுல முடிஞ்சுது?”

“டயர் இன்னும் வாங்கல காஜா. பைனும் இழுவை வண்டியும் சேத்து ஆயிரத்து முந்நூறு திர்ஹம்.”