ஒன்பது கட்டம்

அண்ணன் செத்த பிறகு அன்றுதான் முதல்முறையாக வேலைக்குப் போனேன். தில்லி மயூர் விஹாரில் மெட்ரோ ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி லேப்டாப்பைத் திறந்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் புள்ளிகள். மற்றவள் எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, லேப்டாப்புக்கு அம்மை போட்டிருக்கா?”

“சாப்பாடு டெலிவரி டேட்டா. தூரம், நேரம், மழை, டிப்ஸ், ஸ்டார். அஞ்சுக்கு அஞ்சு ஜோடி ஜோடியா வெச்சா இருபத்தஞ்சு கட்டம். இன்னிக்கு மீட்டிங்ல காட்டணும்.”

“பாஸ் ஓடிடுவாரு. ஒண்ணத் தூக்கு, ஜல்தி.”

“மழையத் தூக்கறேன்… ஐயோ! ஒண்ணுதானடி எடுத்தேன், ஒம்பது கட்டம் காணோம்!”

“அரே, மழைக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் எல்லார்கூடவும் ஜோடி இருக்குல்ல? அது போனா அத்தனையும்தான் போகும்.”

“மழை பேஞ்சா டிப்ஸ் ஏறுதுன்னு ஒரு கட்டம் இருந்துதே! மீட்டிங்ல நான் சொல்லப்போறதே அதைத்தான்!”

“அப்ப திரும்பப் போடு, பாகல்! பைத்தியம்!”

ஒரு தட்டு தட்டினாள். ஒன்பதும் வந்து உட்கார்ந்தன. இருவரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் அண்ணன் ஒருவன்தான் போனான். அவனோடு அம்மா போடும் சண்டை, அப்பா பார்க்கும் கிரிக்கெட், நான் பண்ணும் கேலி, எல்லாம் போய்விட்டது. இறங்கும்வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.