முதல் தறியின் மீன்கொத்தி இரண்டாம் தறிக்குப் போன விவரம்

பெயர் ஹேமலதா, வயது 28, க/பெ. பாலமுருகன், சேவூர், ஆரணி.

விசாரணையில் நான் சொல்வதாவது: நான் மேற்படி ஊரில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். ஆரணியில் சம்பந்தம் என்பவரின் பட்டு நெசவுக் கூடத்தில் கம்ப்யூட்டர் டிசைனராக வேலை செய்கிறேன். அங்குள்ள இரண்டு தறிகளுக்கும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்துதான் டிசைன் போகும். ஜவுளி வியாபாரி ஜெயவேல், தன் மகள் இனியா வரைந்த மீன்கொத்திப் படத்தை அவளது கல்யாணப் புடவைக்காகக் கொடுத்து, வேறு யாருக்கும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதை முதல் தறிக்கு ஏற்றினேன். அதன் பிறகு, வந்தவாசி வியாபாரி ஒருவருக்காக இரண்டாம் தறியில் நெய்த புடவையின் முந்தானையிலும் அதே மீன்கொத்தி இருப்பதைப் பார்த்த ஜெயவேல், நான் டிசைனை விற்றுவிட்டதாகப் புகார் கொடுத்தார்.

நேற்று காலை உதவி ஆய்வாளர் பரிமளா அவர்கள் என்னை நிலையத்தில் விசாரித்தார். அழுதால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று நான் அழவில்லை. இரண்டாம் தறியில் ஏதாவது மாற்றினாயா என்று அவர் கேட்டபோதுதான், வந்தவாசி ஆர்டருக்காகப் புதிதாக ஒரு ஃபைல் உண்டாக்கியது நினைவுக்கு வந்தது. உடனே எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், கூடத்துக்குப் போலாங்க, ஜல்தியா போலாங்க" என்றேன்.

ஜெயவேலும், நிலையத்துக்கு என்னுடன் வந்திருந்த என் கணவரும் கூட வந்தார்கள். கம்ப்யூட்டரில் டிசைன் புரோகிராமும் தறி புரோகிராமும் நினைவகத்தில் ஒரு பொது இடத்தின் வழியாகத்தான் தகவல் கொடுத்துக்கொள்ளும் என்றும், அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டிடமும் ஒரே சாவி எண் இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு தறிக்கும் உள்ள ஃபைலுக்குக் கம்ப்யூட்டர் தானாகப் போடும் உள் எண்ணிலிருந்து அதுவே அந்தச் சாவியைத் தயாரிக்கும் என்றும் அவர்களிடம் விளக்கினேன். உள் எண்ணின் கடைசிப் பகுதியை மட்டுமே அது எடுத்துக்கொள்வதால், இரண்டு ஃபைல்களுக்கு அந்தப் பகுதி ஒன்றாக அமைந்தால் சாவியும் ஒன்றாகி, ஒரு தறிக்கு அனுப்பும் டிசைனை இன்னொரு தறியும் எடுத்துக்கொள்ளும். சொல்லிக்கொண்டே இரண்டு சாவிகளையும் திரையில் வரவழைத்தேன்.

"ஒரே சாவிங்க மேடம். ரெண்டு தறிக்கும் ஒரே சாவி."

ஜெயவேல் நம்பவில்லை. "நீ தள்ளி நில்லும்மா. மேடமே ஏதாவது எழுதட்டும்" என்றார். நான் சுவரோரம் போய் நின்றேன். உதவி ஆய்வாளர் 'ப' என்று வரைந்து முதல் தறிக்கு மட்டும் அனுப்பினார். இரண்டு தறிகளும் ஓடின. முதல் தறியில் ஜரிகையில் 'ப' எழுந்தது. அதன் பிறகு எல்லோரும் இரண்டாம் தறிக்கு ஓடினோம். அங்கேயும் 'ப' இருந்தது.

"அப்ப இந்தப் பொண்ணு யாருக்கும் குடுக்கலையா?" என்று ஜெயவேல் கேட்டார்.

"குடுத்தது கம்ப்யூட்டருங்க. நீங்க இவங்களப் போய்ச் சொல்லிகினு இருந்தீங்க" என்றார் உதவி ஆய்வாளர்.

அதன் பிறகு இரண்டாம் தறிக்கு வேறொரு ஃபைல் உண்டாக்கினேன். சாவி மாறியது. மீண்டும் ஓட்டியபோது முதல் தறியில் மட்டும் 'ப' வந்தது. புகாரைத் திரும்பப் பெறுவதாக ஜெயவேல் சொன்னாராம். என் கணவர்தான் பிறகு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அது காதில் விழவில்லை. தறியை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். நடந்தது இவ்வளவுதான், இதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) பா. ஹேமலதா